எங்கள் பாதி மழை

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நீங்க கையில இருக்க சோலிய முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்து வீட்டுல போயி உக்காந்திருக்கவா? அங்கன குளுகுளுன்னு இருக்கும்."

"போயி உக்காரு," என்றேன். வேறு என்ன சொல்வது.

சித்திரை மாத மதியம் அது. அவள் போன கொஞ்ச நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு என் ஓரகத்தியின் குரல், மோர் வேணுமா என்று. அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் வாடிக்கைக்காரி, என் வாசல் ஏறி வந்தவள், அவள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் துணி கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தேன்.

'பக்கத்து வீடு' என்று அந்தப் பெண் சொன்னதுதான் கூடுதல் எரிச்சல். அது பக்கத்து வீடே இல்லை. போடியில் என் மாமனார் கட்டிய ஒரே வீடு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழும்பியது. கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி கொழுந்தனுக்கு. கொல்லையில் வற்றிப்போய்க் கல் போட்டு மூடியிருந்த பழைய கிணறு எங்கள் பக்கம் வந்தது. மாடிப்படி அவர்கள் பக்கம் போனது. நாங்கள் இரும்பில் ஒரு ஏணிப்படி செய்து வைத்துக்கொண்டோம். அஸ்திவாரம் ஒன்று, கல் ஒன்று, மேலே போட்ட காங்கிரீட்டும் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் சாயங்கால வெயிலை வாங்கும் அவள் பாதிதான் அதிகம் வேக வேண்டும். ஆனால் வெந்துகொண்டிருந்தவள் நான்.

என் ஓரகத்தி மலைக்காரி. போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் கீழே சமவெளியில் சிலமலை ஊர்க்காரி. எங்கள் ஊரில் வயல்காடு உண்டு, சொந்த வீடு உண்டு. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீரை 'வெள்ளம்' என்று சொல்வதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஓடையிலிருந்து லயத்துக்குக் குடம் சுமந்தே வளர்ந்ததால் தண்ணீர் சிந்தினால் அவளுக்குப் பொறுக்காது. குழாயில் சொட்டு விழும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள்.

அவள் ஒரேயடியாக எதையும் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காதோ என்னவோ. முதலில் குளிக்கிற தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு குழாய் வைத்துக் கொல்லைக்குத் திருப்பினாள். அங்கே வாழை வைத்தாள். வாழை குலை தள்ளியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு சீப்பு வந்தது. நான் அதைத் தின்னவில்லை; என் மகள் தின்றாள். அப்புறம் வீட்டில் இருந்த பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, கரண்டு குறைவாக இழுக்கும் புது மாதிரி விசிறிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். அடுத்த வருஷம் மாசியில் மொட்டைமாடியில் அவள் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தாள். சுண்ணாம்பைக் கரைத்து, பசை கலந்து, கொழுந்தனும் அவளும் தென்னமட்டையால் பூசிக்கொண்டிருந்ததை நான் ஏணிப்படியில் நின்று பார்த்தேன்.

"மாடிக்கு எதுக்குத்தா வெள்ளை? யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"வெயில் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்னுதான் அக்கா," என்றாள்.

அந்த வருஷம் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால் எங்கள் பாதியில் கால் வைக்க முடியாது. கோடு கிழித்தது போல அவள் பாதி ஆரம்பிக்கும் இடத்தில் கால் வைத்தால் சுடாது. ஆள் இல்லாத நேரம் நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டு இறங்கும்போது மனசு இன்னும் சூடாகியிருக்கும்.

என் வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டுகிறார். இருட்டோடு இருட்டாகத் தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவார். மாலையில் இறக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "அங்க கொஞ்சம் காத்து வருது," என்பார். பத்தாம் வகுப்புப் படித்த என் மகளும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கே போனாள். மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று, "அந்த வீட்டுக்குக் கட்டவே வேண்டியதில்லம்மா, உங்களுக்குத்தான் ஏறிக்கிட்டே போகுது," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். நான் தையல்காரி, எனக்குப் பவர் மிஷின் ஓடுகிறது, அவளுக்கு என்ன ஓடுகிறது என்று அவர் போன பிறகு தனியாகச் சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். மாமனார் விஷயம்தான் தாங்கவில்லை.

மாமனார் ஒரு மாதம் எங்களோடு, ஒரு மாதம் அவர்களோடு என்று இருந்து வந்தார். அந்தச் சித்திரையில் அவர்கள் வீட்டுக்குப் போனவர், வைகாசி பிறந்தும் வரவில்லை. நான் அவருடைய கட்டிலைத் தட்டிப் போட்டேன், தலையணைக்கு உறை மாற்றினேன். ஆனி பிறந்தது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கித் தெருவில் தூசியைச் சுழற்றியது. அப்போதும் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவள் முன்னால் அவர் 'இல்லத்தா, இங்கயே இருக்கேன்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

என் வீட்டு வெக்கைதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிடிவாதமாக ஒரு ஏர் கூலர் வாங்கினேன். அவள் வீட்டில் இல்லாத பொருள். வண்டியிலிருந்து இறக்கும்போது வேண்டுமென்றே வாசலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவள் வெளியே வந்து பார்த்தாள். "நல்லா இருக்கு அக்கா. நெறைய வெள்ளம் குடிக்குமே?" என்றாள்.

குடித்தது. நகராட்சித் தண்ணீர் வராத நாட்களில் அதற்கு ஊற்றுவதற்கே குடம் குடமாக வேண்டியிருந்தது. எங்கள் தையல் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் தெருப் பக்கம். கூலரின் ஈரக் காற்று போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. துணியெல்லாம் நமத்துப் போனது. சாக்குக்கட்டியால் கோடு போட்டால் துணியில் பிடிக்கவில்லை. இஸ்திரி போட்டு வைத்த ஜாக்கெட் மாலைக்குள் தொய்ந்துவிட்டது. ஆடி முடிவதற்குள் அதை மூலையில் தள்ளி மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததையும் ஒரு குத்தலாகவே எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் அவர்கள் கொல்லையில் குழி வெட்டினார்கள். தொட்டி கட்டி, மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயை அதற்குள் திருப்பினார்கள். குழாய் இறங்கும் இடத்தில் கூழாங்கல்லும் கரியும் மணலும் போட்டு வடிகட்டி. முதல் மழையை வெளியே தள்ளிவிட ஒரு மூடி. கொழுந்தன் எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். "மதினி, ரெண்டு நல்ல மழை பேஞ்சா ரொம்பிரும்," என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. துணி எடுக்க மாடிக்கு ஓடினவள் அப்படியே நின்றுவிட்டேன். என் பாதியில் விழுந்த மழை முழுக்க மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் காலத்தில் போட்ட தளம்; வாட்டம் மேற்குப் பக்கம் கொடுத்திருந்தார்கள், தண்ணீர் இறங்கும் குழாயும் அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷம் அது சாக்கடைக்குப் போனபோது நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அது சலசலவென்று அவள் தொட்டியில் விழும் சத்தம் மேலேயே கேட்டது. எங்கள் பாதி மழை.

அன்று மாலை என் வீட்டுக்காரர் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் சிரித்தார்.

"மழைக்கெல்லாமா பாகம் பிரிப்பாக?"

"மாடியப் பிரிச்சீகல்ல? மாடில விழுகுறது யாருக்காம்?"

"சாக்கடைக்குப் போன தண்ணிதான, அவ புடிச்சு வைக்கிறா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?"

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனார். இப்போதும் சொல்கிறேன், அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். மழை விட்ட ஒரு நாள் கொத்தனாரை வரச்சொல்லி, நடுச்சுவருக்கு நேர் மேலே, மொட்டைமாடியின் குறுக்கே கல்லும் சிமிண்டும் வைத்து ஒரு வரப்பு கட்டினேன். ஓரகத்தி அவள் பக்கத்துப் படியில் ஏறி வந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க பக்கம் எறங்குறதுக்குக் குழா வைக்கலையா?"

"வைப்போம், பொறகு."

"வாட்டம் இந்தப் பக்கமாக்கும். வெள்ளம் நிக்குமே."

"என் மாடில நிக்கட்டும்," என்றேன்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த மழைக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தொட்டியில் விழும் சத்தம் மெலிந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வேலை நன்றாக ஓடியது.

மழை விடாமல் மூன்றாம் நாளும் பெய்தபோது தையல் அறையின் மூலையில் கூரை கறுத்தது. மதியத்துக்குள் சொட்டத் தொடங்கியது. முதல் சொட்டு வெட்டும் மேசையில் விழுந்தது. அடுத்தது மிஷின் தலையில். முகூர்த்தத்துக்குத் தைக்க வந்திருந்த பட்டுத் துணிகளையெல்லாம் அள்ளி உள்ளறைக் கட்டிலில் கொட்டினேன். மிஷினைப் பிளாஸ்டிக் தாளால் மூடினேன். வீட்டுக்காரர் மலையில். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் இரும்புப் படி ஏறினேன். வரப்புக்கு இந்தப் பக்கம் கணுக்கால் முங்கும் தண்ணீர்.

சிமிண்டு இறுகியிருந்தது. கடப்பாரை வழுக்கி வழுக்கி விழுந்தது. எனக்கு அழுகையாக வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது என்று அழுதேன். நிமிர்ந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், ஒரு யூரியாச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, கையில் சுத்தியலோடு.

"அந்த ஓரத்துல குத்துங்க அக்கா, அங்கன கலவை கம்மி," என்றாள்.

இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இடித்தோம். ஒரு கல் பெயர்ந்ததும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் தன் படியோரம் இருந்த துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாள். எனக்கு அவள் வந்தது பிடிக்கவில்லை. வராமல் இருந்திருந்தாலும் பிடித்திருக்காது.

"ஏன் எங்கிட்டக் கேக்காம எங்க தண்ணிய எடுத்த?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். "கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லுவீக. அதான்," என்றாள். மறுபடி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "தொட்டி ரொம்பி வழியிறப்ப உங்க கெணத்துக்குள்ள விடலாமான்னு உங்க கொழுந்தன் கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன்," என்றாள்.

"ஏன்?"

"பாகம் பிரிக்கையில கெணறு உங்க பக்கம் போச்சுல்ல. எனக்கு எத்தனையோ நாள் சோறு எறங்கல அக்கா. வத்திக் கெடந்தாலும் கெணறு கெணறுதான? இவுகளோட கெணத்த நான் எதுக்கு ரொப்பணும்னு இருந்துச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. இத்தனை நாள் எல்லாம் வைத்திருப்பவள் என்று நான் பார்த்துப் பார்த்து வெந்தவள், கல் மூடிக் கிடக்கும் என் வறண்ட கிணற்றைப் பார்த்து வெந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் இரக்கம் வந்தது என்று எழுதலாம். வந்தது சந்தோஷம். ஐப்பசி மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டே, பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உள்ளே குளிர்ந்தது.

அதற்குப் பின்னால் வேலைகள் சீக்கிரம் நடந்தன. தொட்டி நிறைந்து வழிவதை நடுச்சுவருக்கு அடியில் ஒரு குழாய் வழியாக எங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்து, வடிகட்டிக் கிணற்றுக்குள் விட்டோம். கார்த்திகை முடிவில் கிணற்றின் மூடியை நகர்த்திப் பார்த்தபோது அடியில் தண்ணீர் மினுங்கியது. தொட்டியிலிருந்து எங்கள் பக்கமும் ஒரு குழாய் வந்தது. வெயில் வந்ததும் கூரையின் வெடிப்பை அடைத்தோம். தை மாதத்தில் எங்கள் பாதிக்கும் சுண்ணாம்பு அடித்தோம். அவள்தான் கலவை பார்த்தாள். அவள் பாதியைவிட என் பாதி வெள்ளையாக வர வேண்டும் என்று இரண்டு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு அடித்தேன். தையல் அறையின் பின்சுவரில் உயரத்தில் ஒரு ஜன்னல் திறந்ததும் தெருக் காற்று உள்ளே வந்து பின்னால் வெளியேறியது. மகள் வீட்டிலேயே படிக்க உட்கார்ந்தாள். அளவு கொடுக்க வருபவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நானும் மோர் கொடுத்தேன்.

மாமனார் மட்டும் வரவில்லை.

பங்குனியும் போனது. வெக்கை ஏறியது, என் வீடு தாங்கியது, அவருடைய கட்டில் காலியாகவே கிடந்தது. கடைசியில் ஒரு நாள், அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தப் பக்கம் போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, இப்ப நம்ம வீடும் வெக்கையா இல்ல. வந்து பாருங்க."

"எனக்கு என்னைக்குத்தா வெக்கை பெருசு?" என்றார் அவர். "மலையில ஏலக்கா ஸ்டோருல காய வைக்கிற அறைக்கு வெறகு போட்டவன் நான். உள்ள போயி காயக் கிண்டிட்டு வருவேன். அதுக்கு முன்னால உன் வீட்டு வெக்கை என்ன?"

"அப்பறம் ஏன் மாமா வரல?"

சுவரைப் பார்த்தார். "உன் மிஷின் மோட்டாருதான்த்தா. நீ தைச்சாலும் தைக்காட்டியும் அது பாட்டுக்கு ஊன்னு கத்திக்கிட்டே இருக்கு. முன்னெல்லாம் பொறுத்துக்கிட்டேன், இப்ப மதியம் கண்ண மூட முடியல. பொழப்பு பாக்குற புள்ளகிட்ட அத எப்பிடிச் சொல்றது?"

ஒரு வருஷமாக அவள் வீட்டின் குளிர்ச்சி என்று நான் நினைத்து எரிந்தது வெறும் மோட்டார் சத்தம். அவளிடம் தோற்கவே இல்லை என்று எண்ணி ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே, இந்தக் காரணத்தை அவளிடம் எப்போதோ சொல்லியிருப்பார், அவளுக்குத் தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை என்று தோன்றிவிட்டது. கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டினேன். மிதித்தால்தான் ஓடும், கால் எடுத்தால் நின்றுவிடும், சத்தமே இல்லை. கரண்டும் பாதியாகக் குறைந்தது. ஊரில் மற்ற தையல்காரர்கள் எப்போதோ மாற்றிவிட்டார்கள். பழக்கப்பட்ட சத்தத்தை நான் சத்தமாகவே கேட்டதில்லை. வைகாசி பிறந்ததும் மாமனார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மதியம் நான் தைக்க, அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நாலு மணிக்கு ஓரகத்தி பால் விடாத கட்டன் சாயாவோடு வாசலில் வந்து நிற்பாள். "மாமாவுக்கு இந்த ருசிதான் பழக்கம்," என்பாள். அவரும் ஊதிக் குடித்துவிட்டு, "இவ கைப்பக்குவம் தனி," என்று என்னிடமே சொல்வார். நானும் இஞ்சி தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஏலக்காய் உடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவளுடைய சாயாதான் வேண்டுமாம்.

இப்போது வீட்டு மேலே சோலார் தகடு போடுவதைப் பற்றி இருவரும் விசாரிக்கிறோம், தனித்தனியாகத்தான். அவர்களுக்கு மேற்கே இருந்த காலி மனையில் ஒரு மாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. போன வாரம் தகடு போட இடம் பார்க்க வந்த ஆள் மொட்டைமாடியில் நடந்து பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் அவள் பாதியில் நிழல் விழும், உங்கள் பாதியில்தான் நாள் முழுக்க வெயில் என்றார். அவளும் அங்கே நின்றிருந்தாள்.

"ரெண்டு வீட்டுக்குமா சேத்து அக்கா பக்கம் போட முடியுமா?" என்று அவரிடம் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்," என்றேன். வீட்டுக்காரர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் கடைசியில் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அவள் படியிறங்கிப் போன பிறகும் என் பாதி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.